தலையணைக்குக் கீழே இருந்த வேலை

மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், காலை ஒன்பது மணிபோல, நானும் மச்சாளும் தபால் கந்தோருக்குப் போவோம். மச்சாள் என் அண்ணாவின் மனைவி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் முதலாம் மாடியில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். தபால் கந்தோர் மற்றவர்களுக்கு ஏழு நிமிட நடை. எங்களுக்கு அரை மணித்தியாலம். நான் பிறந்தபோது மூளைக்குப் போக வேண்டிய காற்று சில நிமிடம் தாமதித்ததாம். அதனால் என் கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டுதான் நடக்கும். கைகள் தாமாக ஆடும். நினைக்கும்போது முழுதாக இருக்கும் சொல், வாயைவிட்டு வரும்போது உடைந்துபோகும். பழகாதவர்களுக்கு நான் கதைப்பது விளங்காது. தங்களுக்கு விளங்காததால் எனக்கும் ஒன்றும் விளங்காது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவை வாங்குவதற்குக் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக விழும் என்பதால் பெருவிரல் அடையாளம் போதும் என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு அதிவிசேட சித்தி எடுத்தவள் நான். ஆனாலும் அந்த மையை நான் வெறுத்ததில்லை. அந்தப் பணம் பெரிதல்ல. ஆனால் வீட்டில் ஒருவரிடமும் கேட்காமல் நான் செலவழிக்கக்கூடிய ஒரே பணம் அதுதான். போனுக்கு டேட்டா போடுவேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு புத்தகம் வாங்குவேன். மச்சாளின் பிறந்தநாளுக்கு ஒரு சட்டைத்துணி.

அப்பா இறந்தபோதுதான் எனக்கு வேலை கிடைத்தது. அப்படிச் சொல்வது கேட்க நன்றாக இல்லை, ஆனால் நடந்தது அதுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பது வழக்கம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய இரங்கல் வரிகள் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னப் புத்தகம். அண்ணா கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் அதைக் கொடுத்திருந்தார். சரிபார்க்கச் சொல்லி அச்சக முதலாளி வட்ஸ்அப்பில் பக்கங்களை அனுப்பினார். அண்ணா அழுத கண்ணோடு ஒருமுறை புரட்டிவிட்டு, "எல்லாம் சரிபோலத்தான் கிடக்கு" என்றார். நான் போனை வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் தம்பி மைத்துனராகியிருந்தார். ஒரு தேவாரத்தில் இரண்டு அடி இல்லை. அம்மா இறந்த ஆண்டு பிழை. கட்டிலில் குப்புறப் படுத்து, போனைத் தலையணையில் சாய்த்து, வலது கையின் நடுவிரலை மடக்கி அதன் மொழியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, பக்கம் பக்கமாகப் பிழைகளை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் எடுத்தது.

மூன்றாம் நாள் முதலாளி அண்ணாவுக்குப் போன் எடுத்தார். அவர் மலையகத்துப் பக்கம் இருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்து, அச்சுக் கோர்க்கிற காலத்திலிருந்து அந்தத் தொழிலில் இருப்பவர்.

"தம்பி, இத யாரு பார்த்துக் குடுத்தாங்க?"

"என்ர தங்கச்சி."

"வாத்தியாரம்மாவா?"

"இல்லை. வீட்டிலதான் இருக்கிறா."

"வீட்டுலயே இருக்கட்டுங்க. மாசம் நாலஞ்சு புஸ்தகம் அனுப்புறேன், பார்த்துக் குடுப்பாங்களான்னு கேளுங்க. காசு குடுத்துருவேன்."

அண்ணா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். என் தலை சும்மாவே ஆடும் என்பதால் ஓமென்கிறேனா இல்லையென்கிறேனா என்று அவர் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

அப்படித்தான் மற்றவர்களின் அப்பாக்களும் அம்மாக்களும் என் தலையணைக்கு வரத் தொடங்கினார்கள். முப்பத்து மூன்று வயதில் என் முதல் வேலை. அச்சகத்தில் யாருக்கும் என் குரல் தெரியாது. எழுத்தில் நான் தடங்கலில்லாமல் கதைத்தேன். "சகலனும் மைத்துனரும் ஒன்றல்ல, குடும்பத்தாரிடம் கேட்டுச் சொல்லவும்" என்று நான் எழுதினால் அங்கே ஒருவர் போன் எடுத்துக் கேட்டார். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒரு ஆள் போய் ஒரு வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் சந்தோஷம் ஒரு மாதம் இருந்தது. பிறகு அண்ணாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"நீ உழைக்கிறது தெரிஞ்சால் கொடுப்பனவை வெட்டிப்போடுவாங்கள்" என்றார். "இந்த அச்சக வேலை இண்டைக்கு இருக்கும், நாளைக்கு இராது. வெட்டினது வெட்டினதுதான். பேந்து எத்தினை கந்தோர் ஏறி இறங்கிறது? எங்களுக்குப் பிறகு உனக்கு ஆர் இருக்கினம்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல்முறை அந்தக் கொடுப்பனவு கிடைக்க, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்த அலைச்சல் அவருக்குத் தெரியும். ஆகவே முதலாளி தரும் பணம் மச்சாளின் வங்கிக் கணக்குக்குப் போனது. வேலை ஒருவருக்கும் தெரியாத வேலையாகிவிட்டது. பக்கத்து வீட்டு அன்ரி வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

அடுத்த வருடம் கொடுப்பனவு மீளாய்வுக்குப் பிரதேச செயலகத்திலிருந்து உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். தமிழ் பழகிக் கதைப்பவர். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் அண்ணா, "போனை ஒளி" என்றார். தலையணைக்குக் கீழே தள்ளினேன். பிறகு நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கழுத்தைத் தொங்கவிட்டேன். பிடித்து வைக்கப் பழகிய கையை அதன் போக்கில் ஆடவிட்டேன். வாயோரத்தில் எச்சில் வடிய விட்டேன். சின்ன வயதிலிருந்து, கைக்குட்டையை முழங்கையில் கட்டி, ஆட்கள் முன்னால் ஒரு துளி விழாமல் காக்கப் பழகியவள் நான்.

அவர் கட்டிலில் என் பக்கத்தில் இருந்து, குனிந்து, "நங்கி, எப்படி இருக்கிறீங்க?" என்று, தங்கச்சிக்கான சிங்களச் சொல்லால் கூப்பிட்டுக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மச்சாள்தான் சொன்னா. உத்தியோகத்தர் படிவத்தில் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டு, மச்சாள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அண்ணா நிம்மதியாக மூச்சு விட்டார். மச்சாள் ஈரத் துவாயால் என் வாயைத் துடைத்தா. நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்திருந்த கல்வெட்டை நான் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. முதலாளி, "உடம்பு சரியில்லையா தங்கச்சி?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். ஓம் என்று எழுதினேன். அதுவும் பொய்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து செயலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் பிரிவில் பரீட்சார்த்தமாக ஒரு திட்டம் தொடங்குகிறார்களாம். கொடுப்பனவு வாங்கும் ஒருவர் ஏதாவது தொழில் செய்ய விரும்பினால், அல்லது ஏற்கெனவே சிறிதாகச் செய்தால், அந்த வருமானத்தைத் தனிச் சேமிப்புப் புத்தகத்தில் போடலாம். அதை எடுத்துத் தொழிலுக்குத் தேவையான சாமான் மட்டுமே வாங்கலாம். இரண்டு வருடத்துக்கு அந்தப் பணத்தை வருமானமாகக் கணக்கெடுக்க மாட்டார்கள், கொடுப்பனவும் நிற்காது. என்ன தொழில், என்ன வாங்கப்போகிறீர்கள், எப்போது என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மச்சாள் அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தா. அண்ணா, "பொறி" என்றார். "ஆர் ஆர் உழைக்கினம் எண்டு பிடிக்கிறதுக்கு வைச்ச பொறி. பேசாமல் இரு."

"அப்பிடியெண்டால் ஏன் இவ்வளவு விளக்கமா எழுதியிருக்கினம்?" என்றா மச்சாள்.

"உமக்குத் தெரியாது."

என்னை உறுத்தியது வேறு. திட்டத்தில் சேர வேண்டுமென்றால் ஏற்கெனவே உழைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணிடம். நான் எச்சில் வடிய விட்டதைப் பார்த்தவரிடம்.

ஒரு கிழமை, ஏழு நாளும், யோசித்தேன். பிறகு போனில் ஒரு கடிதம் எழுதினேன். என்ன வேலை செய்கிறேன், எப்போதிருந்து, யாருடைய கணக்குக்குப் பணம் போகிறது, மீளாய்வு நாளில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது வரைக்கும். மச்சாளிடம் காட்டினேன். அவ வாசித்து முடித்து, "அண்ணாவுக்குச் சொல்லிப்போட்டுப் போவமா, சொல்லாமல் போவமா?" என்று மட்டும் கேட்டா.

"சொல்லிப்போட்டு" என்றேன்.

அண்ணா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகும்போது, ஓட்டோவுக்கு ஆளை ஒழுங்குபண்ணி விட்டுப் போயிருந்தார்.

செயலகத்தில் அந்த உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் இருந்தோம். மச்சாள் கடிதத்தின் அச்சுப் பிரதியைக் கொடுத்தா. அவருக்குத் தமிழ் வாசிப்பது மெதுவாகத்தான் வரும். சுட்டுவிரலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தார். மின்விசிறிக் காற்றில் மேசைத் தாள்கள் படபடத்தன. கடைசிப் பந்திக்கு வந்ததும் விரல் நின்றது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மச்சாளைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் நங்கி."

நான் மச்சாளைப் பார்த்தேன்.

"தலகாணிக்குக் கீழ போன் நாலு தரம் அதிர்ந்தது. அதுக்கு மேலதான் நான் கை வச்சிட்டு இருந்தேன்." சிரிப்பை அடக்குவது போல உதட்டை மடித்தார். "ஒண்ணும் செய்ய ஏலாத ஆளுக்கு யாரு இவ்வளவு மெசேஜ் அனுப்புறது?"

"அப்ப... ஏன் எழுதேல்லை?" என்றேன். மச்சாள் திருப்பிச் சொல்ல வாயெடுத்தா. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு விளங்கிவிட்டது.

"எழுதினா உங்களுக்கு அது நிண்டுடும். வேலையும் பயத்தில விட்டுடுவீங்க. ரெண்டும் இல்லாம என்ன செய்றது?" கடிதத்தை நான்காக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "இது வேணாம். இது மன்னிப்பு. எனக்குத் திட்டம் வேணும்."

வெளியே ஓட்டோவில் ஏறும்போது மச்சாள் சிரிக்கத் தொடங்கினா. எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே நானும் சிரித்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

திட்டத்தை அன்று பின்னேரமே எழுதினேன். "சொந்தக் காலில் நின்று, பிறருக்குச் சுமையாக இல்லாமல், மரியாதையுடன் வாழ்வதே என் இலக்கு" என்று தொடங்கியிருந்தேன். எழுதும்போது நல்ல வசனமாகத்தான் தெரிந்தது. ஒரு கிழமையில் அது சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டுத் திரும்பி வந்தது. பக்கத்தில், கோணல் மாணலான தமிழில்: "இது ஆசை. சாமான் பேர் எழுதவும்."

அப்போதுதான், எனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று யோசித்தேன். அதுவரை என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. போனில் பிழை பார்க்கலாம், பக்கம் அமைக்க முடியாது. முழுக் கல்வெட்டையும் நானே செய்தால் முதலாளி மூன்று மடங்கு தருவார். அதற்கு ஒரு லப்டொப் வேண்டும். ஆனால் சாதாரண விசைப்பலகையில் என் விரல் ஒரு எழுத்தைத் தேடிப்போய் நான்கை அமுக்கிவிடும். வெளிநாட்டில் இதற்கென்று ஒரு தட்டு இருப்பதைப் படத்தில் பார்த்திருந்தேன். விசைகளுக்கு மேலே வைக்கும் கட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு விசைக்கும் மேலே ஒரு ஓட்டை. கையை முழுவதுமாகத் தட்டில் ஊன்றிக்கொள்ளலாம். ஓட்டைக்குள் விரல் போனால்தான் எழுத்து விழும். அதை எழுதினேன். இடுப்பைத் தாங்கும் கதிரை ஒன்று. கொட்டாஞ்சேனைக்குக் கிழமைக்கு ஒருமுறை போய்வர ஓட்டோச் செலவு. முதல் சாமானை எந்த மாதம் வாங்குவேன், கடைசிச் சாமானை எந்த மாதம் என்பதும். இரண்டாவது தரம் சிவப்புக் கோடு வரவில்லை. "ஓட்டை ஏன்?" என்று மட்டும் கேட்டு ஒரு குரல்செய்தி வந்தது. விளக்கி எழுதினேன். உத்தியோகத்தர் கையெழுத்து வைத்தார்.

சேமிப்புப் புத்தகம் என் பெயரில் வந்தது. வங்கியில் கையெழுத்துக் கேட்டார்கள். மச்சாள் மைப்பெட்டியைத் தேடினா. நான் பேனையைக் கேட்டேன். வளைந்து நெளிந்து ஒன்று விழுந்தது. கவுன்டரில் இருந்த பெண், "ஓகே மிஸ்" என்றாள்.

பணம் சேரப் பத்து மாதம் எடுத்தது. லப்டொப்பை அண்ணாவே போய் விலை பார்த்து வாங்கினார். அந்தத் தட்டுத்தான் பாடாய்ப் படுத்தியது. அச்சகத்துக்கு நாலு கடை தள்ளி, பெயர்ப்பலகை வெட்டும் ஒரு கடை இருக்கிறது. என்னை முதல்முறை நேரில் பார்த்த முதலாளி, தானே கூட்டிக்கொண்டு போய் விளக்கினார். முதல் தட்டில் ஓட்டைகள் அரை விசை தள்ளி விழுந்திருந்தன. நான் 'க' அடித்தால் வேறொன்று வந்தது. இரண்டாவதில் ஓட்டை சின்னதாகி என் விரல் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுக்கச் சவர்க்காரம் போட வேண்டியிருந்தது. கடைக்காரர் வெட்கப்பட்டுப்போய், மூன்றாவது தரம் என் விரலையே தாளில் வைத்து அளவு கீறி எடுத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். "திட்டத்தில எழுதியிருக்கு, பில் வேணும்" என்று நான் விடாப்பிடியாக நின்று வாங்கினேன்.

அச்சகத்தில் வியாழக்கிழமைகளில் எனக்கு ஒரு மேசை. முதல் இரண்டு கிழமை அங்கே வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்துச் சத்தமாகவும் சொல் சொல்லாக நிறுத்தியும் கதைத்தார்கள், செவிடரோடு கதைப்பது போல. பிறகு பழகிவிட்டார்கள்.

ஒருநாள் கணவனை இழந்த ஒரு பெண், கல்வெட்டு அடிக்கக் கொடுக்க, கொழும்பின் முகத்துவாரம் பக்கமிருந்து தனியாக வந்தா. முதலாளி வெளியே போயிருந்தார். "இருங்கோ" என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. சுற்றிப் பார்த்து, "வேற ஆரும் இல்லையா?" என்றா. நான் திரையில் பெரிய எழுத்தில் அடித்தேன்: "நான்தான் உங்கள் புத்தகத்தைச் செய்யப் போகிறேன். அவரைப் பற்றிச் சொல்லுங்கள்." அடித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. அவ அந்த ஒரு நிமிடமும் என் விரல் ஓட்டைகளுக்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. ஒன்றரை மணித்தியாலம் சொன்னா. துறைமுகத்தில் அவர் பார்த்த வேலை, மகளின் கலியாணத்துக்குக் கடன்பட்டது, கடைசி ஒரு வருடம் படுக்கையில் கிடந்தது எல்லாம். நான் அடிப்பது மெதுவாக இருந்ததால் அவவும் மெதுவாகச் சொன்னா. போகும்போது, "அவசரப்படுத்தாமல் கேட்டீங்கள் பிள்ளை" என்றா.

இரண்டு வருடம் முடிந்தபோது என் வருமானம் கொடுப்பனவுக்கு உரிய எல்லைக்கு மேலே போயிருந்தது. கொடுப்பனவு நின்றது. நின்ற நாளில் ஒரு கடிதம் தந்தார்கள்: மூன்று வருடத்துக்குள் வேலை குறைந்தாலோ உடம்பு முடியாமல் போனாலோ, இயலாமையைச் சோதிக்கும் மருத்துவச் சபைக்குப் புதிதாகப் போகாமல் மீண்டும் பெறலாம் என்று. அண்ணா அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வீட்டுக் கடன் பத்திரங்களோடு பூட்டி வைத்தார். பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அடுத்த மாதம் இரண்டாவது வாரம் வந்தபோது எனக்கும் மச்சாளுக்கும் காலையில் போக இடமில்லாமல் இருந்தது. அதை எதிர்பார்த்திருக்கவில்லை. அவ அன்று காரணமில்லாமல் அலுமாரிச் சாமான்களை இறக்கித் துடைத்தா.

ஒரு வருடம் நன்றாகப் போனது. சென்ற மழைக்கு எனக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. என் போன்றவர்களுக்கு இருமித் துப்புவது லேசான காரியமல்ல. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் கதிரையில் நிமிர்ந்து இருக்க முடியவில்லை. முதலாளி வேலையை வேறு ஒருவருக்குக் கொடுக்கவில்லை. "ஒங்க மேசைய யாருக்கும் குடுக்க மாட்டேன் தங்கச்சி" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் செய்யாத வேலைக்குப் பணம் வராது.

அண்ணா பூட்டைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நான்தான் ஒரு கிழமை அதைத் தொடாமல் இருந்தேன். திரும்பிப் போவது தோற்பது போல இருந்தது. கடைசியில் உத்தியோகத்தருக்கே எழுதினேன். அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார். பத்து நிமிடத்தில் குரல்செய்தி வந்தது.

"நங்கி, படிக்கட்டில ஏறுறப்ப மூச்சு வாங்கினா, கொஞ்சம் நிக்கிறது இல்லையா? நிண்டுட்டுப் போங்க."

மறுநாள் மூன்று பேருமாகச் செயலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் புதியவர். தமிழ் இளைஞர். கடிதத்தைப் பார்த்துவிட்டு அண்ணாவிடம், "இவ வேலை ஏதும் செய்யிறாவா?" என்று கேட்டார்.

அண்ணா என் பக்கம் கையைக் காட்டி, "அவவைக் கேளுங்கோ" என்றார்.

"ஓம்" என்றேன். "இப்ப குறைவு. கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம்."

அவருக்கு முதல்முறை விளங்கவில்லை. அண்ணா திருப்பிச் சொல்லவில்லை. நான் இன்னொருமுறை சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஆறு மாதத்துக்குத் தருகிறார்கள். இப்போது நான்காவது மாதம். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் எட்டாகியிருக்கிறது. ஆறு முடியும்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பேனா, இன்னும் ஆறு மாதம் கேட்பேனா என்று தெரியாது. இன்று காலை அண்ணா நாட்காட்டியைப் பார்த்து அதைப் பற்றிக் கேட்டார். "அப்ப பாப்பம்" என்றேன். பின்னேரம் அச்சகத்திலிருந்து ஒரு கோப்பு வருகிறது. அதற்கு முன் தலைக்குக் குளித்துவிட வேண்டும் என்று மச்சாளைக் கூப்பிட்டேன்.